இரண்டு எட்டும் எங்கள் பெரியப்பாவும்

எங்கள் பெரியப்பா பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்ற சொல்தா. புதுச்சேரி வாசகர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பென்ஷன் வாங்கிய நாள் மாலையில் திண்ணையில் சீட்டுக்கட்டு விரியும். ஆட்டம் 'வேந்த்-தே-அன்', அதாவது இருபத்தொன்று. அமெரிக்காவில் பிளாக்ஜாக் என்பார்கள். பணயம் புளியங்கொட்டைதான்.

21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடுபவரை விட அதிகம் சேர்க்க வேண்டும். ஒரே மதிப்பில் இரண்டு சீட்டு வந்தால், இன்னொரு மடங்கு பணயம் வைத்து அவற்றை இரண்டு ஆட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டு எட்டு வந்து, எதிரே பத்து தெரிந்தால் பெரியப்பா எச்சரிப்பார்: "பிரிக்காதே தம்பி. ஒரு தோல்வி போதாதா, ரெண்டு எதுக்கு?" எங்களுக்கு அது வேதவாக்கு.

அது தப்பு என்று காட்டியவர்களும் படையினரே. 1950களில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், அபர்தீன் ராணுவச் சோதனைத் தளத்தில் இருந்த நால்வர்: பால்ட்வின், கேன்டீ, மைசல், மெக்டெர்மட். சூதாட்ட விடுதிகளில் சீட்டுப் போடுபவருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. 16 வரை வாங்கியே ஆகவேண்டும், 17 வந்தால் நின்றே ஆகவேண்டும். அப்படியானால் இதைக் கணக்கிட்டுவிடலாமே என்று உட்கார்ந்தார்கள். கணினி இல்லை, மேசைக் கணக்கு இயந்திரம்தான். கருவூலத்தில் ஃபேசிட் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றித் தோள் வலி கண்டவன் நான். அவர்கள் பட்டபாடு எனக்குப் புரிகிறது. 1956-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் கட்டுரை வந்தது.

எட்டும் எட்டும் 16. இன்னொரு சீட்டு வாங்கினால், 13 வகையில் 8 வகை (6 முதல் 10 வரை, மூன்று படச்சீட்டுகள்) நம்மைக் கவிழ்த்துவிடும். வாங்காமல் நின்றாலும் எதிரே பத்து இருக்கிறது. எப்படி ஆடினாலும் 100 ரூபாய்ப் பணயத்துக்குச் சராசரியாக 54 ரூபாய் போகும். பிரித்தால் 200 ரூபாய் பணயத்தில் இருக்கும், ஆனால் போவது மொத்தமாகச் சுமார் 48 ரூபாய். எட்டில் தொடங்கும் கை 16-ஐ விட அவ்வளவு மேல். ஆக, இரண்டு தோல்வி ஒன்றைவிட மலிவு! ஆஸ் இரண்டு வந்தாலும் பிரிக்க வேண்டும். பத்து இரண்டு வந்தால் தொடவே கூடாது, 20 கையில் இருக்கிறதே.

இந்தச் சராசரியை எங்கள் பிரெஞ்சுப் பாடப் புத்தகம் 'எஸ்பெரான்ஸ் மாத்தெமாத்திக்' என்றது. எஸ்பெரான்ஸ் என்றால் நம்பிக்கை. நஷ்டம் 48 ரூபாய் என்று காட்டும் எண்ணுக்கும் அதே பெயர்தான். வகுப்பில் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அவ்வளவு கணக்குப் போட்டும், ஆட்டக்காரன் 100 டாலருக்கு 62 சென்ட் இழப்பான் என்றுதான் நால்வருக்கும் விடை வந்தது. மீதியை எட்வர்ட் தார்ப் ஐ.பி.எம். 704 கணினியில் போட்டுப் பார்த்து, வெளியேறிய சீட்டுகளை நினைவில் வைத்தால் வெல்லலாம் என்று 1962-ல் புத்தகம் எழுதினார். அது தனிக் கதை.

இதெல்லாம் நான் படித்தபோது பெரியப்பா இல்லை. போன மாதம் பேரனோடு ஆடினேன். எனக்கு இரண்டு எட்டு, அவனிடம் பத்து. கணக்குப்படி பிரித்தேன். இரண்டுமே போயிற்று. புளியங்கொட்டைகளை வாரிக்கொண்டு அவன் சிரித்த சிரிப்பு, அப்படியே திண்ணையில் கேட்டதுதான்.