ஒலிவாங்கியின் இடமும் கூத்தின் பாடமும்: அரிப்புக் கரையை முன்வைத்து ஒரு பதிப்பியல் வாதம்

மன்னார்க் கூத்துப் பனுவல்கள் அச்சேறி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆகின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966இலும் ‘ஞானசவுந்தரி நாடகம்’ 1967இலும் வெளிவந்தன. அச்சு வழியாகப் பாட்டின் சொல் நிலைபெற்றது. அண்ணாவியாரின் குரலும் மத்தளத்தின் நடையும் அச்சுக்கு அப்பால் நின்றன. அவற்றைக் காக்க இன்று ஒலிப்பதிவுகள் பெருகியுள்ளன. ஆனால், ஏட்டைப் பதிப்பிப்போர் கைக்கொள்ளும் கட்டுப்பாடு ஒலியைப் பதிவோரிடம் அரிது. எந்த ஏடு மூலம், எங்கே பாடபேதம் என்று பதிப்பாசிரியர் சொல்லியாக வேண்டும். ஒலிவாங்கியை எங்கே, எவ்வளவு தூரத்தில் வைத்தோம் என்று பதிவாளர் சொல்வதில்லை. ஒலிவாங்கியின் இடமும் ஒரு பதிப்பு முடிவே. வழமைக்கு மாறான இடங்களை வித்தைகளாகக் கருதாமல் பாடபேதங்களாக மதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. வழமை பிறந்த கூடங்கள்

எந்த வழமைக்கும் ஒரு கூடம் உண்டு. மின் ஒலிவாங்கி வருமுன் பதிவுக் கூம்பு மெல்லிய நாதத்தைப் பிடிக்காது. ஆதலால் வயலினின் மரக்கூட்டை நீக்கி, உலோகக் கூம்பு பொருத்திய கருவிக்கு 1899இல் அகஸ்டஸ் ஸ்ட்ரோ காப்புரிமை கோரினார். பதிவுக்காகக் கருவியே உருமாறிய காலம் அது. இலங்கையில் செலிக்மன் தம்பதியர் உருளைகளில் பதிந்த வேடர் பாடல்களை சார்ள்ஸ் மையர்ஸ் ஆராய்ந்தார். அவ்வாய்வு 1911இல் வெளிவந்த ‘த வெத்தாஸ்’ நூலில் இடம்பெற்றது. அந்த உருளைகளில் எஞ்சியதும் கூம்பின் வாய்க்கு எட்டிய குரலே.

1966இல் இலண்டனில் பீற்றில்ஸ் குழுவுக்காக ஜெஃப் எமரிக் நரம்பிசைக் கருவிகளுக்கு மிக அருகே ஒலிவாங்கிகளை வைத்தபோது, வாசித்தோர் முகம் சுளித்தனர். அதே ஆண்டு ‘பேப்பர்பாக் ரைட்டர்’ பாடலில் பேஸ் கிற்றாரைப் பதிய ஓர் ஒலிபெருக்கியையே ஒலிவாங்கியாக்கினர். காந்தப் புலத்தில் அசையும் சுருள், மின்னை ஒலியாக்குவது போலவே ஒலியை மின்னாக்கவும் வல்லது. நெருங்கிவைத்துப் பதிவது இன்று பாடநூல் முறை. அன்றைய மீறல்தான் இன்றைய வழமை.

2. காற்றும் கரையும்

அருவியாறு கடலில் சேரும் இடத்தை அண்டிய மன்னாரின் அரிப்பில் அத்தகைய பதிவுக்கூடம் இல்லை. ஆளுநர் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய டொறிக் மாளிகையையே அரித்துவரும் கடல், பதிவிலும் புகுகிறது. சோளகம் வீசும் மாதங்களில் திறந்த வெளியில் பதிவோர், புறச்சத்தத்தை ஒதுக்க ஒருதிசை ஒலிவாங்கியை எடுப்பதே வழக்கம். இங்கே அது பெரும்பாலும் பொருந்தாது. அழுத்த வேறுபாட்டால் இயங்கும் அவ்வகை, காற்றின் குமுறலை மிகைப்படுத்தும். கருவியை நெருங்கும்போது தாழ்சுரங்களையும் பெருப்பிக்கும். எல்லாத் திசையும் கேட்கும் ஒலிவாங்கியில் இவ்விரு குறையும் மிகக் குறைவு. தூரம் பாதியாகும்போது நேரொலி ஏறத்தாழ 6 டெசிபல் உயர்கிறது, அலையோசையோ மாறுவதில்லை. ஆகவே அவ்வொலிவாங்கியைக் கருவியின் அருகே கொண்டுசெல்வதே மேல்.

3. கிற்றாரும் மத்தளமும்

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் தமிழ் வழிபாட்டில் கிற்றார் இயல்பானது. அதன் ஒலித்துளைக்கு முன்னே ஒலிவாங்கியை நிறுத்தினால், கூட்டுக் காற்றின் 100 ஹேர்ட்ஸ் அளவிலான அதிர்வு மட்டும் மேலெழுந்து முழங்கும். வாசிப்பவரின் வலத்தோளுக்கு மேலே வைத்தால் அவர் காதுக்குக் கேட்கும் சமநிலை பதிவாகும். பாலத்தருகே ஒட்டிய தொடுகை ஒலிவாங்கி காற்றைக் கேளாது, மரத்தையே கேட்கும். கதவுகள் திறந்த கரையோரக் கோயிலில் இது பெரும் வசதி. ஆனால் கூட்டின் மூச்சு இழக்கப்படும். இரண்டையும் கலந்தால் நேர வேறுபாடு குறுக்கிடும். மன்னாரின் 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்குச் சுமார் 349 மீற்றர் செல்கிறது. 35 சென்ரிமீற்றர் பாதை வேறுபாடு ஒரு மில்லிசெக்கன் தாமதம். ஒத்த வலிமையில் கலக்கும்போது 500, 1500, 2500 ஹேர்ட்ஸில் ஒலி தேயும். கலவைக்கு முன் இத்தாமதத்தைச் சரிசெய்தாக வேண்டும்.

மத்தளத்தில் சிக்கல் ஆழமானது. சி.வி. இராமன் 1920இலும் 1934இலும் வெளியிட்ட ஆய்வுகள், மிருதங்கம் போன்ற கருவிகளில் மையத்துச் சாந்து அதிர்வு வகைகளை ஒத்திசைச் சுரங்களாகத் திரட்டுவதை விளக்கின. அவ்வகைகள் தோலின் வெவ்வேறு பகுதிகளில் வலுப்பெறுகின்றன. வலந்தலையின் விளிம்பை ஒட்டி வைத்த ஒலிவாங்கி அவற்றுள் சிலவற்றையே மிகுத்துக் கேட்கும். அவை ஒன்றுகூடி ஒரு சுரமாகும் தூரம் அதற்கு வாய்ப்பதில்லை. வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைப்பது அடிகளைப் பிரித்துக் காட்டும். உடலின் நடுவே, கீழிருந்து நோக்கும் ஒன்று இரு தலையின் உரையாடலைக் காட்டும். சொற்கட்டை ஆராய்பவருக்கு முன்னதும், நடையை ஆராய்பவருக்குப் பின்னதும் உதவும்.

பலகை மேடையின் தளத்தில் படிய வைத்த எல்லை ஒலிவாங்கியில், தளத்தில் பட்டுத் திரும்பும் ஒலியும் நேரொலியும் ஒருங்கே சேர்வதால் அவற்றிடையே குறுக்கீடு எழாது. ஆட்டக்காரரின் காலடியும் அதில் முழுதாக இறங்கும். மேடைநாடகப் பதிவில் அது இரைச்சல். கூத்தில் அது தாளத்தின் உறுப்பு.

4. மறுப்பும் விடையும்

இத்தகைய வைப்புகள் கருவியைத் திரிக்கின்றன; ஆவணப் பதிவுக்குப் பார்வையாளர் இடத்தில் வைத்த ஓர் ஒலிவாங்கி இணையே நடுநிலையானது என்பார் உண்டு. வலுவான வாதம்தான். ஆனால் இரவு முழுதும் ஆடும் கூத்தில் பார்வையாளருக்கு நிலையான ஓர் இடமில்லை. முன்வரிசைச் சிறுவர் கேட்பது வேறு, தொலைவில் நிற்பவர் கேட்பது வேறு. அண்ணாவியார் மத்தளக்காரர் பக்கத்தில் நின்று கேட்பதே கூத்தை நடத்துகிறது. அந்தக் காதைப் புறக்கணிக்கும் பதிவை நடுநிலை எனல் இயலாது. எனினும் மறுப்பில் ஓர் உண்மை உண்டு: தனித்து நிற்கும் நெருக்கப் பதிவு வழிதவறச் செய்யும். எனவே பார்வையாளர் இணையை மூலபாடமாகத் தனித்தடத்தில் பேணி, தொடுகை, எல்லை, தோள்மேல் பதிவுகளை அதனோடு கலக்காமல் வேறு தடங்களில் காப்பதே தகும்.

இதன் பயன் ஒப்பாய்வில் புலப்படும். மன்னார்க் கூத்தில் மாதோட்டப் பாங்கையும் யாழ்ப்பாணப் பாங்கையும் பிரித்தறிய மெட்டும் தாளமும் வேகமும் சான்றாகின்றன. ஒன்றை அரை மீற்றரிலும் மற்றொன்றைப் பத்து மீற்றரிலும் பதிந்த இரு பதிவுகளை ஒப்பிட்டால், மத்தளத்தின் ‘கூர்மை’ பாங்கின் இயல்பா, தூரத்தின் விளைவா எனச் சொல்ல முடியாது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ போன்ற எண்ணிம முயற்சிகளில் ஒலிக்கோப்பின் விபரத்தோடு வைப்பு வரைபடம், தூரம், தளம், காற்று ஆகிய நான்கையும் கட்டாயமாக்கினால் இந்த மயக்கம் நீங்கும். ஒரு தாளில் அடங்கும் அந்தக் குறிப்பு இல்லாத பதிவை நாம் கேட்டு மகிழலாம். பாங்குகளைப் பற்றிய முடிவுக்கு அதைச் சான்றாக்கக் கூடாது.