சூல்வென் மலையும் அதைச் சூழ்ந்த மூர் நிலமும்

சூல்வென், ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையோரம், சதர்லாந்தின் அசிண்ட் பகுதியில் தனியே நிற்கும் மணற்கல் மலை. உயரம் 731 மீட்டர், அதாவது 2,399 அடி. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை ‘மன்ரோ’ என்று பட்டியலிட்டு ஒவ்வொன்றாக ஏறி முடிப்பவர்கள் ஏராளம். அந்தப் பட்டியலில் சூல்வெனுக்கு இடமில்லை. ஆனால் அதில் உள்ள பெரும்பாலான மலைகளை விட இதன் உருவம் மனத்தில் ஆழமாகப் பதியும். இதற்குக் காரணம் உயரமல்ல, மலை நிற்கும் இடம். சுற்றிலும் பாறை மேடுகளும் சின்னச் சின்ன ஏரிகளும் சதுப்பும் கலந்த தாழ்ந்த நிலம் விரிந்து கிடக்கிறது. அதற்கு நடுவே, படிப்படியாக உயரும் அடிவாரக் குன்றுகள் எதுவும் இல்லாமல், மலை செங்குத்தாகக் கிளம்புகிறது. பக்கத்து ஊரான லாக்கின்வர் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர். அடிவாரம் வரை போகும் சாலை எந்தப் பக்கத்திலும் கிடையாது.

மலை உண்மையில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய முகடு. மேற்குக் கோடியில் உச்சியான காஷ்டல் லீயா, நடுவில் 723 மீட்டர் உயரமுள்ள மியால் மியானக், கிழக்கில் மியால் பேக் என மூன்று தலைகள். முதல் இரண்டுக்கும் இடையே உள்ள தாழ்வு பியாலக் மோர், ‘பெரிய கணவாய்’. லாக்கின்வரில் இருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த குடம் போலிருக்கும். தெற்கிலோ வடக்கிலோ நின்று பார்த்தால் நீண்ட மதில். தென்கிழக்கே எல்ஃபின் பக்கம் போனால் ஈட்டி முனை. மூன்றும் ஒரே மலைதான் என்பதை முதல் முறை வருபவரால் எளிதில் நம்ப முடியாது.

பெயர்

பெயரின் முதல் பாதி வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழியில் ‘தூண்’ என்ற பொருளுடைய சொல். இரண்டாம் பாதி மலையைக் குறிக்கும் கேலிக் சொல். கடல் வழியே வந்தவர்கள் முதலில் கண்டது மேற்கு முனையைத்தான் என்பது இந்தப் பெயரிலேயே தெரிகிறது. பிற்காலத்து மாலுமிகள், அக்காலத்தில் கூம்பு வடிவில் விற்ற சர்க்கரைக் கட்டியை நினைத்து ‘சுகர் லோஃப்’ என்றார்கள். காஷ்டல் லீயா என்றால் கேலிக்கில் ‘சாம்பல் நிறக் கோட்டை’.

மலையை விட மூத்த தரை

மலை பழையது, அதைச் சுற்றிய தாழ்நிலம் பின்னால் உண்டானது என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். அசிண்டில் நிலைமை நேர்மாறு. தரையாகக் கிடக்கும் லூயிசியன் நைஸ் பாறையின் வயது 300 கோடி ஆண்டு வரை போகிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய பாறைகளில் இது ஒன்று. சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாக, பிசைந்த மாவைப் போல நெளிந்த வரிகள் அதில் ஓடுகின்றன. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியதன் தடம் அது. நம் பல்லாவரம் குன்றுகளின் சார்னக்கைட்டும் இதே போன்ற ஆழத்து வெப்பத்தில் உருவானதுதான்.

அந்த நைஸ் பாறை மேலெழுந்து, மேல்மூடி முழுவதும் அரிக்கப்பட்டு, மேடும் பள்ளமுமான வெறும் நிலமாகக் கிடந்த காலத்தில், ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன், மேற்கிலிருந்து ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டின. நிலத்தில் அப்போது செடிகளே தோன்றியிருக்கவில்லை. வேர் பிடித்து நிறுத்தாத மண் மழைக்கு மழை அடித்துக்கொண்டு வந்தது. பள்ளங்கள் நிரம்பின, குன்றுகள் புதைந்தன, மணல் கிலோமீட்டர் கணக்கில் தடித்தது. செம்பழுப்பு நிறத்து டொரிடோனியன் மணற்கல் இப்படித்தான் உண்டானது. சூல்வெனின் சரிவில் அடுக்கடுக்காக, ஏறக்குறைய கிடையாகத் தெரியும் படிகள் அந்த ஆற்று மணலின் படுகைகள். அருகே போய்ப் பார்த்தால் மணற்கல்லுக்குள் ஆறு உருட்டி வந்த கூழாங்கற்கள் பதிந்திருப்பதைக் காணலாம்.

பிறகு நேர்ந்தது பெரும் அரிப்பு. ஒரு காலத்தில் பகுதி முழுவதையும் மூடியிருந்த மணற்கல் போர்வையை ஆறுகளும், பனியூழியில் பனிப்படலமும் வழித்து எடுத்தன. எஞ்சிய துண்டுகள்தான் சூல்வெனும், அதன் அண்டை மலைகளான கனிஸ்ப் (847 மீட்டர்), குல் மோர் (849 மீட்டர்), ஸ்டாக் போலி (612 மீட்டர்) ஆகியவையும். கனிஸ்பின் மீது வெளிறிய குவார்ட்சைட் பாறை இன்னும் மூடியாக இருக்கிறது. சூல்வென் அதை இழந்துவிட்டது. பனி நகர்ந்த திசையிலேயே முகடு நீண்டிருப்பதால் இரு பக்கமும் இழைக்கப்பட்டு அது இவ்வளவு ஒடுங்கியது. போர்வை போன இடத்தில் பழைய நைஸ் தரை மறுபடி வெளியே வந்தது. எனவே இந்தத் தாழ்நிலத்தில் நடப்பவர் ஏறி இறங்கும் மேடுபள்ளங்களில் பல, மணல் வந்து மூடுவதற்கு முன்பே இருந்தவை. மணற்கல் நைஸின் மீது அமரும் கோடு வெளியே தெரியும் இடங்களில், ஒரு கையை அகல விரித்தால் இரண்டையும் தொடலாம். விரல்களுக்கு இடையே ஏறக்குறைய 200 கோடி ஆண்டு இடைவெளி.

தென்கிழக்கே நாக்கன் பாறைச்சரிவில் இன்னொரு புதிர் இருந்தது. அங்கே பழைய பாறை மேலேயும் இளையது கீழேயும் கிடந்தது. பூமி அசைவில் பழைய பாறைத் தொகுதியே கிலோமீட்டர் கணக்கில் நகர்ந்து இளையதன் மேல் ஏறியது என்பதை பென் பீச், ஜான் ஹோர்ன் என்ற இரு நிலவியலாளர்கள் மலை மலையாக நடந்து வரைந்து நிறுவினார்கள். அவர்களது பெரும் அறிக்கை 1907இல் வந்தது. மலைகள் எப்படி உண்டாகின்றன என்ற கல்விக்கு அசிண்ட் ஒரு பாடசாலை ஆனது அதனால்தான்.

மூர்

‘மூர்’ என்பது மரமற்ற, ஈரமான, அமில மண் கொண்ட திறந்தவெளி. அசிண்டில் நைஸ் பாறை நீரை உள்ளே விடாது, சத்தும் தராது. மழையோ அட்லாண்டிக்கில் இருந்து ஆண்டு முழுவதும் வருகிறது. பாறைக் குழிகளில் தேங்கிய நீர் எண்ணற்ற சிற்றேரிகளாக நிற்கிறது. ஏரி இல்லாத பள்ளங்களில் ஸ்ஃபாக்னம் பாசி படர்கிறது. ஒரு கைப்பிடியை எடுத்துப் பிழிந்தால் நனைந்த துணியைப் போல நீர் கொட்டும். தன் உலர் எடையைப் போல இருபது மடங்கு வரை அது நீரைப் பிடித்து வைக்கும். செத்த பாசி அந்த அமில நீரில் அழுகாமல் படிந்து பீட் எனும் கரிய மண்ணாகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளர்ச்சி. ஆளுயர பீட் என்றால் அதில் ஓராயிரம் ஆண்டுக்கு மேல் அடங்கியிருக்கிறது.

உலர்ந்த மேடுகளில் ஹெதர் புதர். ஆகஸ்டில் அது ஊதா நிறத்தில் பூக்கும். ஈரத்தில் பருத்திப் புல்லின் வெண்குஞ்சங்கள். மண்ணில் நைட்ரஜன் போதாத குறையைப் பூச்சி பிடித்துத் தீர்த்துக்கொள்கிறது ட்ரோசிரா எனும் சிறு செடி. காசளவு செந்நிற இலை, ஓரமெங்கும் ரோமங்கள், ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் ஒரு பிசின் துளி. ஒட்டிய பூச்சியை இலை மெல்ல வளைந்து மூடுகிறது.

பெரிய ஏரிகளில் கருந்தொண்டை டைவர் பறவை கூடு கட்டும். நீந்துவதற்கென்றே அதன் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருப்பதால் நிலத்தில் நடக்கத் தெரியாது. ஆகவே நீர் விளிம்பிலேயே முட்டையிடுகிறது. ஒரு கனமழையில் ஏரி சற்று உயர்ந்தாலும் கூடு மூழ்கிவிடும். பொன்கழுகும் செம்மானும் இங்கு உண்டு. கோடையில், காற்று நின்ற மாலைகளில் ‘மிட்ஜ்’ எனும் நுண்கொசு மேகமாகச் சூழ்ந்து கடிக்கும். 2 மில்லிமீட்டர் கூட இல்லாத அந்தப் பூச்சிக்காகவே பயணத்தை மே மாதத்துக்கு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு.

வெறுமையின் வரலாறு

இங்கு வருபவர்கள் இந்த ஆளற்ற வெளியை ஆதிகாலத்துத் தனிமை என்று போற்றுகிறார்கள். அது சரியல்ல. பாறையின் வயதோடு ஒப்பிட்டால் இந்த வெறுமை நேற்று வந்தது. அசிண்டின் உட்பள்ளத்தாக்குகளில் கேலிக் பேசும் குடியானவர்கள் வாழ்ந்தார்கள். கோடையில் மாடுகளை மூருக்கு ஓட்டி வந்து, கல் குடிசைகளில் தங்கி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்லாந்து பிரபுக் குடும்பம் அந்த நிலத்தை ஆட்டுப் பண்ணைகளாக்கி, மக்களைக் கடலோரத்துப் பாறைத் துண்டு நிலங்களுக்குத் துரத்தியது. பலர் கப்பலேறி கனடாவுக்குப் போனார்கள். ஆட்டுக்குப் பின் மான் வேட்டை பெரும் தொழிலானது. மூரின் அழகைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசாமல் விடுவது அந்த மக்களை இரண்டாம் முறை அப்புறப்படுத்துவதற்குச் சமம்.

மரமின்மையிலும் மேய்ச்சலின் பங்கு பெரிது. ஏரிகளின் நடுவே உள்ள சிறு தீவுகளைப் பார்த்தால் போதும். மான் எளிதில் எட்டாத அந்தத் துண்டுகளில் பிர்ச், ரோவன் மரங்கள் நெருங்கி வளர்ந்திருக்க, பத்து கஜம் தள்ளி உள்ள கரை மொட்டையாகக் கிடக்கும்.

நிலத்தைத் திரும்பப் பெறும் முயற்சியும் இங்கே தொடங்கியது. 1993இல் அசிண்டின் சிறுகுடியானவர்கள் பணம் திரட்டி, ஏறக்குறைய 21,000 ஏக்கர் கொண்ட வடக்கு எஸ்டேட்டை விலைக்கு வாங்கினார்கள். 2003இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் உள்ளூர்ச் சமூகங்களுக்கு நிலம் வாங்கும் உரிமையைத் தந்தது. 2005இல் அசிண்ட் ஃபவுண்டேஷன் என்ற உள்ளூர் அமைப்பு கிளென்கனிஸ்ப், டிரம்ரனி எஸ்டேட்டுகளை, ஏறக்குறைய 44,400 ஏக்கரை, வெஸ்டி குடும்பத்திடமிருந்து வாங்கியது. சூல்வென் இன்று அசிண்ட் மக்களின் சொத்து. பல கோடைகளை இங்கே கழித்த கவிஞர் நார்மன் மக்கேக் (1910–1996) இந்த நிலம் யாருடையது என்பதைத் தன் நீள்கவிதை ஒன்றின் கருவாகவே எடுத்துக்கொண்டார். இந்த மாற்றங்களில் முதலாவதை அவர் கண்ணால் பார்த்தார்.

ஏறும் வழி

வழக்கமான பாதை கிளென்கனிஸ்ப் மாளிகையைத் தாண்டி, பழைய இடையர் வீடான சூலெக் குடிலைக் கடந்து, மூரைக் குறுக்கே வெட்டிப் போகிறது. போய்வர ஏறக்குறைய 20 கிலோமீட்டர், ஒரு முழுப் பகல் பிடிக்கும். ஆயிரக்கணக்கான கால்கள் பட்டுச் சதுப்பாகக் குழம்பிக் கிடந்த அடிவாரப் பகுதி 2017, 2018 ஆண்டுகளில் கல் பாவிச் சீரமைக்கப்பட்டது. ‘ஈடி’ (2017) படத்தில் 80 வயதைக் கடந்த நடிகை ஷீலா ஹான்காக் இந்த வழியேதான் ஏறினார்.

கடைசியில் ஒரு செங்குத்துக் கற்சரிவு பியாலக் மோரில் கொண்டுவிடும். அங்கிருந்து மேற்கே திரும்பினால், இருபுறமும் பாதாளமான முகட்டைக் குறுக்கே அடைத்து ஒரு காரையற்ற கற்சுவர் நிற்கிறது. அதிலுள்ள இடைவெளி வழியே போனால் உச்சி. எதிர்பாராத விதமாக அது புல் மூடிய அகன்ற மேடை. தெளிந்த நாளில் மேற்கே கடலுக்கு அப்பால் லூயிஸ் தீவு வரை தெரியும். கீழே ஏரிகள் வெயிலில் மின்னும். மேகம் இறங்கிவிட்டால் எதுவும் தெரியாது. அப்போது மேடையின் விளிம்பை நெருங்காமல், சுவரைக் கண்டுபிடித்து, வந்த கணவாய்க்கே திரும்ப வேண்டும். சாதாரண நடையாளர் இறங்க அது ஒன்றுதான் வாசல்.