டாக்டரை நிறுத்திய நர்ஸ்கள்

ஐசியூவில் அப்பாவையோ மாமியாரையோ சேர்த்திருந்தால் பார்த்திருப்பீர்கள், கழுத்தில் ஒரு குழாய் இருக்கும். சென்ட்ரல் லைன். நுனி இதயத்துக்குப் பக்கத்தில். அதில் கிருமி ஏறினால் நேரே ரத்தத்தில்தான்.

2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் ஒரு தாளில் ஐந்தே விஷயம் எழுதினார். கை கழுவு, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடை, மாஸ்க், தொப்பி, கையுறை போடு... இப்படி. இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்கிறீர்களா? நர்ஸ்களை ஒரு மாதம் கவனிக்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நோயாளிகளிடம் டாக்டர்கள் ஏதோ ஒன்றை விட்டிருந்தார்கள்! (படித்த திமிர், எனக்கும் உண்டு.)

அதன் பிறகு வந்ததுதான் நிஜமான புரட்சி. ஒன்றை விட்டால் டாக்டரையே நிறுத்தலாம் என்று நர்ஸ்களுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். பிறகு மிச்சிகன் மாநிலத்தில் 103 ஐசியூக்கள். 2006-ல் முடிவு வெளியானது: 1000 குழாய்-நாட்களுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்யம்.

டெல்லியில் ஒரு நள்ளிரவு, ஊசியும் கையுமாக நின்ற என்னை எங்கள் கோட்டயத்துச் சேச்சி நிறுத்தினார். "டாக்டர், தொப்பி."

முகம் சுண்டிப்போனது. தொப்பி போட்டு, மறுபடி கை கழுவிவிட்டு வந்தேன்.