லைம் ரீஜிஸ்: சரியும் கரையும் கோடை வணிகமும்

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், நாலாயிரத்துக்கும் குறைவானோரே நிலையாக வாழும் லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூர், கோடை மாதங்களில் கடற்கரைக்கு வரும் விருந்தாளிகளை நம்பியே இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பிழைத்து வருகிறது. கடலும் வெயிலும் எத்தனையோ ஊர்களுக்கு உண்டு. ஆனால் குளிர்கால மழையிலும் புயலிலும் இடிந்து சரியும் பாறைக்கரை, அடுத்த கோடையில் விற்பதற்கான சரக்கை இந்த ஊருக்குத் தந்தது; அந்தச் சிறு வணிகத்திலிருந்து, பூமியின் வயதைப் பற்றிய அறிவுக்கு அடிப்படையான சான்றுகள் பல வெளிப்பட்டன என்பதே இவ்வூர் வரலாற்றின் தனிச்சிறப்பு.

முதலில் இது துறைமுக ஊர். முதலாம் எட்வர்டு மன்னர் 1284இல் உரிமைப் பட்டயம் வழங்கியதால் அரசருக்குரியது என்னும் பொருள்படும் ‘ரீஜிஸ்’ என்ற அடைமொழி சேர்ந்தது. இயற்கையான வளைகுடா இல்லாத இக்கரையில் கப்பல்களைக் காத்தது ‘காப்’ எனப்படும் அலைதடுப்புச் சுவராகும். தமிழ்நாட்டு மீனவர்கள் தூண்டில் வளைவு என்று குறிப்பிடும் அமைப்பைப் போலவே கடலுக்குள் வளைந்து செல்லும் இச்சுவர், தொடக்கத்தில் ஓக் மரத்தூண்களுக்கு இடையே பெருங்கற்களை நிரப்பிக் கட்டப்பட்டு, 1824 நவம்பரில் வீசிய கடும்புயலில் பெரிதும் சேதமுற்ற பின் போர்ட்லாந்து கல்லால் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் அதற்கு வெகு முன்பே, கப்பல்களின் அளவு பெருகப் பெருக இச்சிறு துறை அவற்றுக்குப் போதாமல் போனது; துணி வணிகமும் நலிந்தது; 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊர் வறுமையில் தளர்ந்திருந்தது.

அந்நிலையில் ஊருக்குக் கைகொடுத்தது மருத்துவத்தின் பெயரால் பரவிய ஒரு வழக்கம். ரிச்சர்டு ரஸல் என்ற மருத்துவர் 1750இல் லத்தீனில் வெளியிட்ட நூலில் கடல்நீரைக் குடிப்பதும் அதில் குளிப்பதும் நோய் தீர்க்கும் என்று வலியுறுத்தியதைத் தொடர்ந்து, வசதி படைத்த குடும்பங்கள் கடற்கரை ஊர்களை நாடத் தொடங்கின. குளியல் வண்டி என்பது அக்காலத்தின் கருவி: சக்கரம் பொருத்திய சிறு மர அறைக்குள் அமர்ந்து உடை மாற்றிக்கொள்ளும்போதே குதிரை அதைத் தண்ணீருக்குள் இழுத்துச் சென்றுவிடும், பிறர் பார்வையில் படாமல் கடல்பக்கக் கதவின் வழியே இறங்கிக் குளிக்கலாம். பிரான்சுடன் நடந்த நீண்ட போர் ஐரோப்பியப் பயணங்களை அடைத்துவிட்டதால் உள்நாட்டுக் கடற்கரைகளுக்குக் கூட்டம் பெருகியது. 1804இல் இங்கு வந்து தங்கிய ஜேன் ஆஸ்டின், தம் மறைவுக்குப் பின் வெளியான ‘பர்சுவேஷன்’ நாவலில் காப் சுவரின் படிக்கட்டைக் கதையின் திருப்புமுனை நிகழும் இடமாக்கினார். அந்தப் படிகளைத் தேடி வருவோர் இன்றும் உண்டு.

வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. நீல லையஸ் எனப்படும், சுண்ணாம்புக் கல்லும் களிமண் பாறையும் மாறி மாறி அடுக்கடுக்காகப் படிந்த இக்கரையின் பாறை, ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உருவானது. மழைநீர் ஊறியதும் களிமண் அடுக்கு வழுக்கி, மேலுள்ள கல்லடுக்கும் கீழே வந்துவிடும். அலை களிமண்ணைக் கரைத்துச் சென்றபின் கல்லாய் இறுகிய உயிரின எச்சங்கள், அதாவது புதைபடிவங்கள், மணலில் தங்கும். அவற்றுள் மிகுதியாகக் கிடைப்பது அம்மோனைட் என்னும் சுருள்வடிவ ஓடுடைய பண்டைக் கடலுயிர். கண்டகி ஆற்றிலிருந்து வந்து தமிழகத்துப் பூசையறைகளில் இடம்பெறும் சாளக்கிராமங்களும் இவ்வுயிரினத்தின் படிவங்களே. லைம் ரீஜிஸ் மக்கள் அம்மோனைட்டுகளைப் பாம்புக்கல் என்று விற்றார்கள். அடுத்த சரிவுக்குள் எடுக்காவிட்டால் கடல் கொண்டுபோய்விடும் என்பதால் உயிரைப் பணயம் வைத்துக் குளிர்காலத்திலேயே தேடினார்கள்.

அப்படித் தேடியவர்களுள் ஒருவர் ரிச்சர்டு ஆனிங் என்ற தச்சர். 1810இல் அவர் இறந்தபோது குடும்பத்துக்கு மிஞ்சியது ஏறத்தாழ 120 பவுண்டு கடன். மறு ஆண்டு மகன் ஜோசப், முதலை போன்ற நான்கடி நீள மண்டையோட்டைக் கண்டெடுத்தார். 1812இல், பன்னிரண்டு, பதின்மூன்று வயதான மகள் மேரி எஞ்சிய உடலைக் கண்டறிய, அது ஏறத்தாழ 23 பவுண்டுக்கு விலைபோனது. இக்தியோசார் என்று பின்னர் பெயரிடப்பட்ட அந்தக் கடல்வாழ் ஊர்வன இனத்தைப் பற்றி 1814இல் அறுவை மருத்துவர் எவரார்டு ஹோம் எழுதிய ஆய்வுரையில் கண்டெடுத்த குடும்பத்தின் பெயர் இல்லை. 1823 டிசம்பரில் மேரி முழுமையாக வெளிக்கொணர்ந்த நீள்கழுத்துப் பிளீசியோசார் போலியாக இருக்கலாம் என்று பாரிசிலிருந்த விலங்கியலாளர் கூவியே முதலில் ஐயுற்று, பின்னர் உண்மையென ஏற்றார். லண்டன் நிலவியல் கழகத்தில் அதை விளக்கிய நிலவியலாளர் கோனிபியரும் மேரியின் பெயரைச் சொல்லவில்லை. மண்ணை அகற்றி, எலும்பைப் பிரித்து, இடமறிந்து பொருத்திப் படம் வரைந்தவர் மேரியே. வாங்கியவர்களும் எழுதியவர்களும் பெற்ற புகழ் அவருக்கு வாழ்நாளில் கிட்டவில்லை. இது ஏழைப்பெண் ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியே. 1833இல் ஒரு சரிவு அவர் கண்ணெதிரே அவருடைய நாயைப் புதைத்தது. ஆனாலும் 1847இல் இறக்கும்வரை அவர் அத்தொழிலைக் கைவிடவில்லை. நிலவியல் கழகம் பெண்களைக் கூட்டங்களில் அனுமதித்ததே 1904இல்தான்.

சரிவே காட்சிப்பொருளான நிகழ்ச்சியும் உண்டு. 1839 கிறிஸ்துமஸ் நாளையொட்டி, ஊருக்கு மேற்கே பிண்டன் என்ற இடத்தில், கோதுமை விதைத்திருந்த வயல் அப்படியே பெயர்ந்து கடலை நோக்கி நகர்ந்தது. பின்னால் ஆழமான பள்ளம் திறந்தது. அருகில் இருந்த கோனிபியரும் மற்றொரு நிலவியலாளரான பக்லண்டும் ஆராய்ந்து எழுத, பக்லண்டின் மனைவி மேரி பக்லண்டு ஓவியம் வரைந்தார். நிலநடுக்கமா தெய்வச் சினமா என்று பேசிய மக்களுக்கு, நீர் ஊறிய மணற்படுகை மேற்பாறையின் எடையைத் தாங்காமல் வழுக்கியதே காரணம் என்று அவர்கள் விளக்கினர். கட்டணம் கொடுத்துப் பார்க்கக் கூட்டம் திரண்டது. நகர்ந்த வயலில் விளைந்த கோதுமையை அடுத்த ஆகஸ்டில் விழாவெடுத்து அறுத்தார்கள்.

இருப்புப்பாதை 1903இல்தான் ஊரை எட்டியது, 1965இல் மூடப்பட்டது. 2001இல் யுனெஸ்கோ இக்கரையை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. சிமெண்டுக்காகப் பாறையை வெட்டிய 19ஆம் நூற்றாண்டுச் சுரண்டலும் சேர்ந்து ஊரடியைப் பலவீனப்படுத்திவிட்டதால், வீடுகளைக் காக்கக் கடற்சுவர்களும் வடிகால்களும் கட்டம் கட்டமாக அமைக்கப்பட்டுள்ளன. ஆனால் சுவர் எழுந்த இடத்தில் புதிய படிவம் வெளிப்படாது. ஆகவே கிழக்கே சார்மத் பக்கத்துப் பாறைகள் தாமாகச் சரிய விடப்பட்டிருக்கின்றன. அங்கே, அலை அழித்துவிடும் முன் உதிர்ந்த கற்களைப் பொறுக்குவது ஒரு நடத்தை நெறிக்கு உட்பட்டு அனுமதிக்கப்படுகிறது. அரிய மாதிரி கிடைத்தவர் அதைப் பதிவு செய்யவேண்டும். பாறையைத் தோண்டுவதற்கு முன் அனுமதி பெறவேண்டும். தேடுவதற்கு உகந்த காலம் இன்றும் கோடை அன்று, புயல் ஓய்ந்தபின் அலை இறங்கும் குளிர்கால நாட்களே.