பொதியும் திசைவியும்

திருத்தங்கல் 626130. 1972 ஆகஸ்ட் 15இல் வந்த இந்த அஞ்சல் எண் முறையில், டெல்லியில் கடிதம் பிரிப்பவருக்கு நம்மூர் எங்கே இருக்குன்னே தெரிய வேண்டாம். முதல் இலக்கம் 6, தெற்கே தள்ளிவிடு, அவ்வளவுதான். மிச்சத்தை அடுத்தடுத்த கைகள் பார்த்துக்கொள்ளும். கணினி வலையில் ரவுட்டர், தமிழில் திசைவி, செய்வதும் இதுதான். முகவரியின் முன்பகுதியைத் தன் அட்டவணையோடு ஒப்பிட்டு அடுத்த தாவலை மட்டும் தீர்மானிக்கிறது. முழுவழி எந்தத் திசைவிக்கும் தெரியாது.

அணுகுண்டு விழுந்தாலும் செய்தி சுற்றிப்போய்ச் சேரும்படி 1964இல் பால் பாரன் மையமற்ற வலையை வரைந்தார். செய்தித் துண்டுக்கு 'பாக்கெட்' என்று பெயரிட்டவர் டொனால்டு டேவிஸ். நாம் பொதி என்கிறோம்; கழுதை ஞாபகம் வருகிறது, வரட்டும்.

மையமில்லை என்ற சொல்லில் நம்மவர்கள் (நானும்தான்) கொஞ்சம் அதிகமாகவே மயங்கிவிட்டோம். 2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு. இறந்தவர்கள் 13 பேர். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்த ஆணை. பக்கத்திலிருக்கும் விருதுநகர் மாவட்டம் அந்த ஆணையில் இல்லை. பொதி சுற்றிப்போக வழி ஆயிரம் இருக்கலாம். கைபேசியிலிருந்து எடுத்துவைக்கும் முதல் தாவலையே அடைத்துவிட்டால்? அந்த முதல் வாசல் உரிமம் பெற்ற நிறுவனத்தின் கையில். நிறுவனத்துக்கு உத்தரவு போட 2017இன் விதிகள். விதிகளுக்கு அடியில் 1885இன் தந்திச் சட்டம். தந்தி 2013லேயே நின்றுபோயிருந்தது. சட்டத்தின் இடத்துக்கு 2023இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் நிறுத்திவைக்கும் அதிகாரத்தைப் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டது.