லோரா கண்ணி வலையமைப்பு

லோரா கண்ணி வலையமைப்பு என்பது கைப்பேசிக் கோபுரமோ இணையமோ இன்றி, கணுக்கள் எனப்படும் சிறு வானொலிக் கருவிகள் தமக்குள் செய்திகளைக் கைமாற்றிக்கொள்ளும் குறைமின் தொடர்பு முறை. குறுஞ்செய்தி, இருப்பிடம், உணரி அளவீடு ஆகியவற்றுக்கு ஏற்றது, குரல் உரையாடலுக்குப் போதாது. லோரா எனும், அதிர்வெண் ஏறியிறங்கும் பண்பேற்றத்தால் இரைச்சலுக்குக் கீழான குறிகையையும் கருவி பிரித்தறியும். அதற்கு ஈடாக வேகம் குறைகிறது. பிரான்சின் சிக்லியோ நிறுவனம் உருவாக்கிய இப்பண்பேற்ற நுட்பத்தை 2012இல் செம்டெக் வாங்கியது. லோரா கருவிகளைக் கண்ணி வலையமைப்பாக இணைக்கும் திறந்த மூல மென்பொருளான மெஷ்டாஸ்டிக்கை 2020இல் கெவின் ஹெஸ்டர் தொடங்கினார். அதில் ஒரு செய்தி இயல்பாக 3, அதிகபட்சம் 7 தாவல்கள் (கருவிக்குக் கருவி கைமாறல்கள்) செல்லும்.

எட்டும் தூரத்தைப் பெரும்பாலும் பார்வைக்கோடே தீர்மானிக்கிறது. இலங்கையின் எல்ல போன்ற மலைப்பகுதியில் ஒரு முகடு குறுக்கிட்டாலே அடுத்தடுத்த தோட்ட லயன்களுக்கு (தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளுக்கு) இடையே தொடர்பு அறுந்துவிடும். தாழ்வில் பல கணுக்களைப் பரப்புவதைவிட, 2036 மீட்டர் உயர நமுனுகுலை போன்ற உச்சியில் சூரியமின் கணு ஒன்றை நிறுத்துவதே மேல். 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்த தோட்டத்து லயன்களை மண்சரிவு புதைத்தது; இத்தகைய சரிவுகளில் மழை, மண் ஈர அளவீடுகளை அனுப்புவது லோரா வலையமைப்பின் முக்கியப் பயன்பாடாகலாம். கேரளத்தின் மூணாறில் அமிர்தா பல்கலைக்கழகம் நிறுவிய மண்சரிவு உணரி வலையமைப்பு, லோரா அல்லவெனினும், நெருங்கிய முன்னோடி. இலங்கையில் லோரா கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகள் பொருந்தும்.