முன்நுதற் புறணியின் காந்தத் தூண்டல் ஆய்வு

முன்நுதற் புறணியின் காந்தத் தூண்டல் ஆய்வு என்பது, நெற்றிக்குப் பின்னால் அமைந்துள்ள மூளைப் பகுதியின் செயற்பாட்டைக் காந்தப் புலத்தால் தற்காலிகமாக மாற்றி, அப்பகுதி அறிதல் கட்டுப்பாட்டுக்கு எவ்வாறு உதவுகிறது என ஆராயும் முறை ஆகும். குறிக்கோளுக்கு ஏற்பச் சிந்தனையையும் செயலையும் நெறிப்படுத்தும் திறனே அறிதல் கட்டுப்பாடு எனப்படுகிறது. எடுத்துக்காட்டாக, "பச்சை" என்னும் சொல் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கும்போது, சொல்லை வாசிக்காமல் மையின் நிறத்தைக் கூற இத்திறன் தேவை.

== பின்னணி ==

நுதல் மடலின் பணிகள் பற்றிய தொடக்ககால அறிவு மூளைக் காயமுற்றோரிடமிருந்து பெறப்பட்டது. 1848 இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பினியாசு கேச் என்னும் தொடருந்துப் பாதைப் பணியாளரின் தலையை இரும்புத் தண்டு ஒன்று துளைத்துச் சென்றது. அவர் உயிர் பிழைத்தார். எனினும் அவரது நடத்தை மாறியதாக மருத்துவர் பதிவு செய்தார். ஆனால் காயங்கள் ஒரு குறிப்பிட்ட பகுதியோடு நிற்பதில்லை. செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. படங்களோ, ஒரு பணியின்போது எப்பகுதி இயங்குகிறது என்பதைக் காட்டுமே தவிர, அப்பணிக்கு அப்பகுதி இன்றியமையாததா என்பதைக் காட்டுவதில்லை. காந்தத் தூண்டல் இக்கேள்வியை நேரடியாகச் சோதிக்க உதவுகிறது.

== செயற்படும் முறை ==

இம்முறையை 1985 இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் குழுவினரும் அறிமுகப்படுத்தினர். தலைமேல் வைக்கப்படும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் மிகக் குறுகிய நேரம் பாய்கிறது. இதனால் தோன்றும் மாறும் காந்தப் புலம், மைக்கேல் பரடே 1831 இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதிப்படி, மூளையில் சிறு மின்னோட்டத்தை உருவாக்குகிறது. அறுவை மருத்துவம் தேவையில்லை.

2005 இல் விவரிக்கப்பட்ட "தொடர் தீட்டாத் துடிப்பு" முறையில், 40 நொடிகளில் 600 துடிப்புகள் செலுத்தப்படுகின்றன. இயக்கப் புறணியில் இது நரம்புச் செயற்பாட்டை ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை குறைத்தது.

== 2017 ஆய்வு ==

முன்நுதற் புறணியின் முன்பகுதி அருவமான, எதிர்காலத் திட்டங்களையும், பின்பகுதி கண்முன் உள்ள தூண்டல்களையும் கையாள்வதாகவும், நடுப்பகுதி இவ்விரண்டையும் ஒருங்கிணைப்பதாகவும் டெரெக் நீ, மார்க் டெசுபொசிட்டோ ஆகியோர் 2016 இல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டனர். 2017 இல் இதே மாதிரியைக் காந்தத் தூண்டலால் சோதித்தனர். மூன்று பகுதிகளும், ஒப்பீட்டுக்காக வேறோர் இடமும் தனித்தனி அமர்வுகளில் தூண்டப்பட்டன.

முடிவுகள் பெரும்பாலும் மாதிரியுடன் பொருந்தின. ஆயினும், பின்பகுதியைத் தூண்டியபோது, முன்பகுதிக்கு உரியதாகக் கருதப்பட்ட பணிகளும் எதிர்பாராத வகையில் பாதிக்கப்பட்டன. பின்பகுதியிலிருந்து முன்னோக்கிச் செல்லும் ஒரு பாதையைச் சேர்த்தபோது மாதிரி இம்முடிவை விளக்கியது. படமெடுப்பின் அடிப்படையில் அமைந்த கருத்து, தூண்டல் சோதனையால் திருத்தப்பட்டதற்கு இது ஒரு சான்றாகும்.

== வரம்புகள் ==

* தூண்டல் புறணியின் மேற்பரப்பையே நேரடியாக எட்டுகிறது; ஆழமான பகுதிகளை அடைவது கடினம்.
* ஒரு பகுதியின் தூண்டல் அதனோடு இணைந்த பிற பகுதிகளுக்கும் பரவக்கூடும்.
* விளைவு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.
* அரிதாக வலிப்பு ஏற்படலாம் என்பதால், பங்கேற்போர் முன்கூட்டியே மருத்துவ முறையில் வினவப்படுகின்றனர்.